சாவி கொடுத்த கை

கன்னியப்பன் ஊர்த்தெருவில் வீடு வீடாகப் போய் நின்றதைப் பார்த்தவர்களுக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பதினோரு வருஷமாக அந்தத் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்காத ஆள். துவைத்த வேட்டி, மகள் கல்யாணத்துக்கு எடுத்த சட்டை. வாசலுக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டு சொன்னதையே சொன்னான்.

"ஞாயித்துக்கெழம நாலு மணிக்கி இஸ்கூலாண்ட வந்துடுங்க. படம் வந்துகீது."

"இன்னா படம்?"

"நம்ம மதகு படம். அன்னிக்கி எடுத்தாங்களே, அது."

பாதிப் பேருக்கு ஞாபகமே இல்லை. அதுதான் கொடுமை. ஒருத்தன் பதினோரு வருஷம் நெஞ்சில் வைத்துப் புழுங்கிய சங்கதி, மற்றவனுக்கு நேற்றுத் தின்ற நாஷ்டா மாதிரி. ஞாபகம் இருந்தவர்கள் சிரித்தார்கள். கடைக்கோடி வயல்காரர் எல்லப்பன் மட்டும் சிரிக்கவில்லை. "வரேன் போ" என்றார்.

உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி போகிற ரோட்டில் உள்ளே திரும்பினால் வருகிற நல்லேரிப்பாக்கம்தான் ஊர். கன்னியப்பன் அந்த ஊருக்கு நீர்கட்டியாக இருந்தவன். ஏரித் தண்ணீரை யார் வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் விடுவது என்று பார்க்கிறவன் நீர்கட்டி. ஏரிக்குக் கீழே ஒரு சென்ட் நிலம் வைத்திருக்கிறவன்கூட நீர்கட்டியாக இருக்கக் கூடாது. இருந்தால் தன் வயலுக்குத்தானே முதலில் மடை திருப்புவான்? அதனால் காலனியில் ஒரே குடும்பத்துக்கு அந்த வேலை, பாட்டன் காலத்திலிருந்து. நிலம் இல்லாததையே ஒரு தகுதியாக்கிக் கொடுத்த வேலை. அதற்கு அறுப்புக்கு அறுப்பு களத்தில் கதிர்க்கட்டு.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் கன்னியப்பன் பேச்சு என்றால் பேச்சுதான். எவ்வளவு பெரிய மிராசுதாரும் மடைவாயில் வந்து நின்று, "என் மொற எப்பப்பா வருது?" என்று அவனைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அவன் வாழ்க்கையில் இருந்த ஒரே மரியாதை அது. அதைத்தான் அவர்கள் பிடுங்கினார்கள்.

மழை பொய்த்த வருஷங்களில் மதகு ஷட்டருக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள். சாவி செல்லியம்மன் கோயிலுக்குள் தொங்கும். ஊர் கூடி யார் முன்னே, யார் பின்னே என்று முறை வைத்த பிறகு, ஊர்ப் பெரிய தனக்காரர் கற்பூரம் ஏற்றிச் சாவியை எடுத்து வருவார். வாசலுக்கு வெளியே நிற்கிற நீர்கட்டியின் கையில் போடுவார். போடுவார்தான், கொடுக்க மாட்டார். சாவியில் ஒரு முழம் சிவப்புக் கயிறு கட்டியிருக்கும். கயிற்று நுனியைப் பிடித்து மேலேயிருந்து விடுவார், கீழே இவன் இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக்கொள்ள வேண்டும். விரலோடு விரல் பட்டுவிடக் கூடாதல்லவா, அதற்குத்தான் அந்த ஒரு முழம்.

எழுபத்தைந்து மாசியில் ஏரி வற்றி நடுவில் மட்டும் தண்ணீர் கிடந்தது. கதிர் பால் பிடிக்கிற சமயம். இன்னும் ஒரே ஒரு நனைப்பு கிடைத்தால் பயிர் தேறிவிடும், இல்லையென்றால் வைக்கோல்தான். அந்த ஒரு நனைப்புக்குச் சரியாகத் தண்ணீர் இருந்தது. ஊர் அதை அமாவாசை கழித்துத் திறப்பதென்று பேசி வைத்திருந்தது.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் பஞ்சாட்சரம். பெரிய தனக்காரர் வேதாசலத்தின் தங்கை மகன். மெட்ராசில் சினிமாப் படிப்பு. படிப்பு முடிய பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்துக் காட்ட வேண்டுமாம். கூட மூன்று பையன்கள், ஒரு கேமரா. எடுத்த எடுப்பில் அவனுக்குக் கன்னியப்பனைப் பிடித்துப்போயிற்று. தன்னைவிடப் பதினைந்து வயது மூத்தவனை "கன்னியப்பா, நீ இப்படி நட, நீ அப்படி நில்" என்று நாலு நாள் ஆட்டி வைத்தான். கன்னியப்பனும் வாயெல்லாம் பல்லாகத்தான் நடந்தான். பொய் சொல்வானேன், அவனுக்கு அது பிடித்திருந்தது.

ஒரு தரம், "கரை மேல நின்னு நாலு பக்கமும் பாரு, யாராவது வராங்களான்னு" என்றான்.

"யாரு வர்றாங்க தம்பி?"

"உன் பொண்டாட்டி கூழ் கொண்டு வராங்கன்னு வெச்சிக்கோ."

பார்த்தான். இன்னொரு தரம் கேமராக்காரப் பையன் கால் வழுக்கிச் சேற்றில் சப்பென்று உட்கார்ந்துவிட்டான். கன்னியப்பன் வயிறு குலுங்கச் சிரித்தான். அதையும் மிஷின் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

ஐந்தாம் நாள் பஞ்சாட்சரத்துக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. வெடித்துக் கிடக்கிற கால்வாயில் தண்ணீர் பாய்ந்து வருகிற மாதிரி ஒரு காட்சி. "மொற வெக்காம தொறக்கக் கூடாது தம்பி. அது ஆத்தா சொத்து" என்று கன்னியப்பன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான். பஞ்சாட்சரம் நேரே மாமன் வீட்டுக்குப் போனான். மூன்று மணிக்கு வேதாசலமே கரைக்கு வந்தார். துண்டுக்குள்ளிருந்து சாவியை எடுத்தார்.

"பத்து நிமிஷம்தான்டா. படிக்கிற புள்ள, பாவம். தொறந்துட்டு மூடிடு."

"ஐயா, ஊரக் கேக்காம..."

"ஊரு யாருடா? நான்தான்."

பஞ்சாட்சரம் கேமராவைக் கன்னியப்பன் இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைக்கச் சொன்னான். "கையை ஏந்து கன்னியப்பா. மாமா, நீங்க எப்பவும் போடுற மாதிரியே போடுங்க." கோயிலில் போடுகிற மாதிரியே, கயிற்று நுனியைப் பிடித்து, மேலேயிருந்து போட்டார். சாவி கையில் வந்து விழுந்தது. மிஷின் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

திறந்தான், மூடினான். வெளிச்சம் சரியில்லை, இன்னொரு தரம் என்றான் பஞ்சாட்சரம். வேதாசலம் அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தார். திறந்தான், மூடினான். மூன்றாம் தரம் திறந்தபோது எங்கிருந்தோ உருண்டு வந்த வேலிக்காத்தான் வேர்க்கட்டை ஒன்று ஷட்டருக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ஷட்டர் இறங்கவில்லை. கன்னியப்பன் உள்ளே குதித்து முங்கி முங்கி அந்தக் கட்டையைப் பிடித்து இழுத்தான், உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. கரை மேலிருந்து பிலிம் தீர்கிற வரைக்கும் எடுத்துவிட்டு, அவர்கள் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்கள். கட்டை வெளியே வந்தபோது ஏரியில் சேறுதான் மிச்சம். வயல் மடை ஒன்றும் திருப்பியிராததால் எண்பது ஏக்கர் பயிரின் உயிர், கால்வாய் வழியே ஓடையில் ஓடிப் போயிருந்தது.

மூன்றாம் நாள் ஊர்க்கூட்டம். வேதாசலம் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னார். "சாவி கோயில்ல இருந்திச்சி. இவன் எப்ப எடுத்தான், யாருக்கோசரம் எடுத்தான்னு எனக்குத் தெரியாது. என் பயிரும்தானே காயப் போவுது? நானே குடுத்து என் வாயில நானே மண்ண அள்ளிப் போட்டுக்குவேனா?"

நியாயமாகத்தான் இருந்தது கேட்பதற்கு. எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

கன்னியப்பன் பதறவில்லை. அவனிடம்தான் சாட்சி இருக்கிறதே. முந்தின ராத்திரி வீட்டில் அவன் பெண்டாட்டி சொக்கம்மாள் சொன்னாள். "கூழு எடுத்துக்கினு வந்தேனே, கரைக்கு அந்தாண்டயே நின்னுட்டேன். அவுரு சாவி போட்டத என் ரெண்டு கண்ணால பாத்தேன்யா. கூட்டத்துக்கு வந்து சொல்றேன்." அதற்கு இவன், "நீ வாய மூடு. பொம்பள சாட்சி, அதுவும் பொண்டாட்டி சாட்சி, எடுபடுமா? நம்மகிட்ட படம் கீதுமே" என்றான். கூட்டத்திலும் அதையேதான் சொன்னான்.

"சாவி போட்டத மிஷினு பாத்துக்கீதுங்க. படத்துல கீது. தம்பியக் கேளுங்க."

தம்பி மெட்ராசில் இருந்தான். ஆள் அனுப்பியதற்குப் பரீட்சை என்று பதில் வந்தது. வயிறெரிந்துபோய் உட்கார்ந்திருந்த எல்லப்பன், அவன் வாயை அடைப்பதற்காகச் சொன்னார். "சரிப்பா, படம் வரட்டும். பாக்கலாம். அது வரைக்கும் மதகாண்ட வராத."

வேதாசலம் தாராளமாகவே நடந்துகொண்டார். "எதுக்குப் படம் கிடமெல்லாம்? தப்புன்னு சொல்லி ஊர் கால்ல ஒரு வாட்டி வுழுந்துடு. மன்னிச்சி வுட்டுடறோம். வேலையும் உனக்கே."

கன்னியப்பன் விழவில்லை. படம் வரட்டும், பார்க்கலாம் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டான். வாயடைக்கச் சொன்ன ஒரு பேச்சை வாய்தா என்று எடுத்துக்கொண்டு எவனாவது பதினோரு வருஷம் உட்கார்ந்திருப்பானா? இவன் இருந்தான். வேலை பங்காளி முனியனுக்குப் போயிற்று. கன்னியப்பன் செங்கல் சூளைக்கு மண் மிதிக்கப் போனான். தண்ணி திருடன் என்ற பேர் மட்டும் எங்கேயும் போகாமல் கூடவே வந்தது.

மகள் ராணியைத் திருமுக்கூடலில் பேசி முடித்திருந்தார்கள். "தண்ணி திருடன் வூட்ல எடுக்க மாட்டோம்" என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து அவளைத் தாமலில் ஒருத்தனுக்கு ரெண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். அன்றைக்குச் சொக்கம்மாள் அழுத அழுகையை எழுத முடியாது. "போயி கால்ல வுழுந்து எழுந்தா இன்னாய்யா? முட்டியா தேஞ்சிடும்?" என்று கேட்டாள். "செய்யாத தப்புக்கு வுழ மாட்டேன். படம் வரும்" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். அந்த நியாயத்துக்கு விலை கொடுத்தது மகள்.

பஞ்சாட்சரம் பெரிய டைரக்டர் ஆகிவிட்டான். டில்லியில் பரிசு, பேப்பரில் போட்டோ. உத்திரமேரூர் டென்ட் கொட்டாய்க்கு அவன் படம் எது வந்தாலும் கன்னியப்பன் முதல் ஆளாகப் போய்த் தரையில் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பான். எங்கேயாவது நம்ம மதகு வருகிறதா என்றுதான் முதலில் பார்த்தான். பிறகு பார்த்துப் பார்த்து வேறொன்று கண்ணில் பட ஆரம்பித்தது. முதல் படத்தில் ஒரு நெசவுக்காரன் பட்டு நூலைத் தூக்கிக்கொண்டு ஓடினான். இரண்டாவதில் வேலைக்காரி ஒருத்தி நகையோடு பிடிபட்டாள். மூன்றாவதில் ரயில்வே கேட்காரன் கேட்டைத் திறந்துவிட்டு இருபது பேரைக் கொன்றான். எல்லாரும் ஏழைகள், எல்லாரும் தப்புச் செய்கிறவர்கள். பார்க்கிற ஜனம் ஐயோ பாவம் என்று மூக்கைச் சிந்தும்.

"கேட்ட தொறடான்னு அவன்கிட்ட ஒருத்தன் சொல்லியிருப்பான் இல்ல? அவன் எங்க?" என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வருவான்.

"உனுக்கு எந்தப் படம் பாத்தாலும் இதே பாட்டுதான்" என்பாள் சொக்கம்மாள்.

எழுபத்தொன்பதில் ஒரு தரம் மெட்ராசுக்கே போனான். இரண்டு நாள் கேட்டில் காத்துக் கிடந்து பஞ்சாட்சரத்தைப் பார்த்தான். பஞ்சாட்சரம் காரிலிருந்து இறங்கித் தோளில் கைபோட்டுப் பேசினான், அதையும் சொல்லத்தான் வேண்டும். "அந்தப் படமா? பத்திரமா இருக்கு. அதுல நீ மட்டும்தான் இருக்கே கன்னியப்பா. வேற யாருமே இல்ல. முழுக்க முழுக்க நீதான்" என்றான். இவன் அதைப் பெருமை என்று எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தான். மடையன்.

எண்பத்தாறு ஆடியில் தானியேல் சார் வந்தார். செங்கல்பட்டுப் பக்கம் காலேஜ் வாத்தியார், சினிமாவைப் பற்றிப் பேசுகிறதற்கென்று ஒரு சங்கம் வைத்திருந்தவர். பஞ்சாட்சரத்தின் படங்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாராம். எழுத எழுத, எல்லாம் அந்த முதல் குறும்படத்திலேயே இருக்கிறது என்று தோன்றியதாம். அதை எங்கேயோ தேடிப் பிடித்துப் பெட்டியும் புரொஜக்டருமாக, எடுத்த இடத்தையும் பார்த்துவிடலாம் என்று புறப்பட்டு வந்துவிட்டார். சூளையில் மண்ணும் காலுமாக நின்ற கன்னியப்பனைப் பார்த்து, "நீங்கதானா அது" என்று ஓடி வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மண்ணைப் பற்றிக் கவலைப்படவில்லை. நல்ல மனுஷன்தான், அதில் குறை சொல்வதற்கில்லை.

கன்னியப்பன் கேட்டான். "அதுல சாவி வருதா சார்?"

"வருதே. ரொம்ப முக்கியமான ஷாட் அது. உங்க கை, அதுல சாவி, திரை முழுக்க."

போதும். அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பார்த்துவிட்டு ஊரைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் தான் ஒளித்துப் பார்த்ததாக நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது, ஊரோடுதான் பார்ப்பேன் என்றான். தண்ணீர் முறை வைக்கிற ஆளின் புத்தி அது, எதுவும் நாலு பேர் முன்னால்தான் நடக்க வேண்டும். அதனால்தான் அந்த வாரம் வீடு வீடாகப் போய் நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட ஜன்னல்களில் சாக்கைக் கட்டி இருட்டாக்கினார்கள். ஊர் வந்திருந்தது, காலனியும் வந்திருந்தது. வேதாசலத்தைத்தான் கூப்பிடாமல் விட்டான், ஆனால் அவரும் வந்தார். எழுபது வயது, கையில் தடி. முன்னால் நாற்காலி போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஒரு பயமும் இல்லாததைச் சொக்கம்மாள் கவனித்தாள். கன்னியப்பன் கவனிக்கவில்லை, அவன் கண் வெள்ளைத்துணியிலேயே இருந்தது.

தானியேல் சார் முதலில் நாலு வார்த்தை பேசினார். "இவர் படங்கள்ல கொடுமை செய்யறவன் முகத்தைக் காட்டவே மாட்டார். பாதிக்கப்பட்டவன் மட்டும்தான் தெரிவான். கொடுமை காத்து மாதிரி, கண்ணுக்குத் தெரியாம எங்கயும் இருக்கும். அதுதான் இவர் கலை. அந்தக் கலை இந்தப் பதினஞ்சு நிமிஷத்துலதான் பிறந்தது" என்றார். ஊர் கொட்டாவி விட்டது. புரொஜக்டர் ஓடியது.

ஏரி வந்தது, கரை வந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். அப்புறம் கன்னியப்பன் வந்தான், முப்பத்தெட்டு வயதுக் கன்னியப்பன், நெஞ்சு நிமிர்ந்த ஆள். கரை மேல் நடந்தான், நின்றான். நாலு பக்கமும் பார்த்தான், யாராவது வருகிறார்களா என்று. அதற்கு அடுத்தது திரை முழுக்க அவனுடைய ஏந்திய கை, கையில் சாவி. அடுத்து பூட்டு, அடுத்து ஷட்டர், தண்ணீர். அடுத்து கன்னியப்பன் வயிறு குலுங்கச் சிரிக்கிறான். அடுத்து தண்ணீரில் குதித்து முங்குகிறான், எழுகிறான், முங்குகிறான். கடைசியில் வாடி வெடித்துக் கிடக்கிற வயல், வெகுநேரம். அது கடைக்கோடியில் இருக்கிற எல்லப்பன் வயல், தண்ணீர் போவதற்கு முன்னாலேயே எடுத்தது. அவ்வளவுதான் படம். வேதாசலம் எங்கேயும் இல்லை, அவர் விரல் நகம்கூட இல்லை.

சாக்கை அவிழ்த்தார்கள். எல்லப்பன்தான் முதலில் வாயைத் திறந்தார். "எம் பயிரு காயுது, இவுரு நீச்சல் அடிச்சிக்கினு கீறாரு."

"சார், அந்தக் கையி, சாவி. அத மட்டும் இன்னொரு வாட்டி போடுங்க சார்" என்றான் கன்னியப்பன்.

மறுபடி சாக்கைக் கட்டினார்கள். மறுபடி கை வந்தது. கன்னியப்பன் துணிக்கு அருகில் போய், தன் நிழலே துணியில் விழ, விரலை நீட்டினான். "பாருங்க. கயிறப் பாருங்க. ஆடுது. சாவி இப்பத்தான் வந்து வுழுந்துகீது. நானே எடுத்திருந்தா கயிறு ஏன் ஆடணும்? மேலருந்து போட்டாரு. கைக்கி மேல, இங்க, இந்த எடத்துல அவுரு கை கீது."

அவன் விரல் துணிக்கு வெளியே, சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றது.

ஆடியதென்னவோ நிஜம். ஒரு நொடி, சிவப்புக் கயிறு கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாக அவன் மணிக்கட்டுக்குக் கீழே ஆடியது. தானியேல் சாரும் பார்த்தார், "ஆமா, ஆடுது" என்றார். ஊரும் பார்த்தது. ஒரு கயிறு ஆடுவதைப் பார்த்து ஊர் என்ன செய்யும்? காத்தடித்திருக்கும் என்றான் ஒருத்தன்.

வேதாசலம் தடியை ஊன்றி எழுந்தார். "நான் இத அப்பவே பாத்துட்டேன். எங்க வூட்டு மாடியில போட்டுக் காட்டினான் மருமான்" என்று தானியேல் சாரிடம் சொன்னார். பிறகு திரும்பி, மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னார். "படம் வரட்டும்னு நீதானேப்பா சொன்ன. வந்துடுச்சி. இன்னும் இன்னா?"

கன்னியப்பனுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. கத்தரித்தது பஞ்சாட்சரம், சரிதான். ஆனால் அவன் பெரிதாகக் கத்தரிக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. கேமரா இடுப்பு உயரத்தில் இருந்தது, பெரிய தனக்காரர் கை ஒரு முழம் மேலே இருந்தது. ஒரு விரல் பட்டுக் கொடுத்திருந்தால் அந்த விரலும் படத்தில் வந்திருக்கும். தொடக் கூடாது என்று கட்டி வைத்த கயிறு, சாட்சியிலிருந்தும் காப்பாற்றிவிட்டது அவரை. அன்றைக்கு அது பஞ்சாட்சரத்துக்கு நல்ல பாடமாகவும் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு படத்திலும் அவன் அந்த ஒரு முழத்துக்குக் கீழேதான் கேமராவை வைத்தான். டில்லிக்காரன் அதற்குத்தான் பரிசு கொடுத்தான்.

இதையெல்லாம் கூட்டத்தில் சொல்ல வாயெடுத்தான். "ஐயா, தொட்டுக் குடுத்திருந்தா..."

அவன் முடிப்பதற்குள் பொம்பளைகள் பக்கத்திலிருந்து சொக்கம்மாள் எழுந்து வந்து, ஊர் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டாள். "தப்புதாங்க. எம் புருஷன் செஞ்சது தப்புதாங்க. ஆத்தா சொத்துல கைய வெச்சிட்டாரு. மன்னிச்சி வுட்டுடுங்க."

ஊர் சட்டென்று லேசாகிவிட்டது. சரி எழுந்திரும்மா, போனது போவட்டும் என்று நாலைந்து குரல். எல்லப்பன்கூட, "இத அன்னிக்கே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே" என்றார். முனியன் சூளைக்கு மேஸ்திரியாகப் போய்விட்டதால் நீர்கட்டி வேலை சும்மாதான் கிடக்கிறது, கன்னியப்பனே பார்க்கட்டும் என்று அங்கேயே முடிவும் ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அவளை அடிக்கக் கையை ஓங்கினான். அவள் நகரவில்லை.

"அடி. நான் பாத்தத சொல்றேன்னு வந்தப்ப வாய மூடுன்ன. இன்னிக்கி பாக்காதத சொல்லிட்டு வந்தேன். இதுக்கு மட்டும் எல்லாரும் தலய ஆட்றாங்க. எம் பொண்ணு வாய்க்கைய தின்னுட்டு அந்தப் படத்தையே கட்டிக்கினு அயுவியா இன்னும்?"

ஓங்கிய கையைக் கீழே விட்டான். பதினோரு வருஷம் சாட்சியை வீட்டிலேயே வாயடைத்து வைத்துவிட்டு, ஊருக்கெல்லாம் சாட்சி தேடியிருக்கிறான்.

தானியேல் சார் புறப்படும்போது அவனைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததையெல்லாம் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். கட்டாயம் புத்தகத்தில் போடுகிறேன் என்று கையைப் பிடித்துச் சத்தியம் மாதிரிச் சொன்னார். தை மாதம் புத்தகம் தபாலில் வந்தது. அட்டையில் கன்னியப்பனின் கை, கையில் சாவி. பள்ளிக்கூட வாத்தியார் தேடிப் பிடித்து அந்த இடத்தை வாசித்துக் காட்டினார்.

"இந்தக் கை யாருடையது என்பது முக்கியமல்ல. சாவியைத் தந்தவன் யார் என்பதும் முக்கியமல்ல. ஆடுகிற அந்தக் கயிற்றில் ஏழையின் மனசாட்சியே ஊசலாடுகிறது. படைப்பாளியின் பின்னாளைய சாதனைகள் அனைத்துக்கும் வித்து இந்த ஒரு நொடியில் இருக்கிறது."

"இன்னா சொல்றாரு?" என்று கேட்டான் கன்னியப்பன்.

"உன் கை நல்லா இருக்குன்னு சொல்றாருப்பா" என்றார் வாத்தியார். அவருக்கும் சரியாகப் புரியவில்லை.

அந்த வருஷமும் மழை சரியில்லை. மாசியில் ஊர் கூடி முறை வைத்தது. செல்லியம்மன் கோயில் வாசலில் மேளம் இல்லை, கூட்டம் மட்டும். கன்னியப்பன் குளித்துவிட்டு, துவைத்த வேட்டியோடு, எப்போதும் நிற்கிற இடத்தில் வாசலுக்கு வெளியே நின்றான். திரும்பவும் நீர்கட்டி, மன்னிக்கப்பட்ட திருடன். வேதாசலம் கற்பூரத்தை ஒற்றிக்கொண்டு சாவியோடு வந்தார். பழைய கயிறு இற்றுப்போய்ப் புதுக் கயிறு கட்டியிருந்தார்கள், அதே சிவப்பு, அதே ஒரு முழம்.

நுனியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கன்னியப்பன் கையை ஏந்தவில்லை. இரண்டு கையும் தொங்கவிட்டபடியே நின்றான்.

"ஏந்துடா."

"வாணாங்க" என்றான். "கீய வெச்சிடுங்க. நானே எடுத்துக்கறேன். எப்பிடியும் நானே எடுத்ததாத்தான ஆவப்போவுது."

வேதாசலம் அவனையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கற்பூரம் அணைந்துகொண்டிருந்தது, வயல்காரர்கள் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். கடைசியில் அவர் தடியை ஒரு கையில் ஊன்றிக்கொண்டு, முனகிக்கொண்டு, முதுகை வளைத்துக் குனிந்து, சாவியை மண்ணில் வைத்தார். அவர் நிமிர்கிற வரைக்கும் கன்னியப்பன் பார்த்துக்கொண்டே நின்றான். அப்புறம் குனிந்து அதை எடுத்துக்கொண்டு மதகைப் பார்க்க நடந்தான்.